பதினேழாவது ஆட்சேபணை

மார்ச் 4

மாமாவுக்கு,

நலமா இருக்கீங்களான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். கை வரலை. மன்னிச்சுக்குங்க.

போன்லயே பேசியிருக்கலாம். பேசினா நீங்க கத்துவீங்க, நான் பட்டுன்னு வெச்சிடுவேன், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் தூக்கிவெச்சுக்கிட்டு ஒரு மாசம் ஓடும். அவர் போன இந்த எட்டு மாசமா அதுதானே நடக்குது? கடிதத்தை நடுவுல கட் பண்ண முடியாது. படிச்சுத்தான் ஆகணும்.

இன்னிக்கு மத்தியானம் வார்டு ஆபீசுக்குப் போயிருந்தேன். எங்க ரோட்டுல பிளாட்பாரத்து மேல சைக்கிள் ஓட்ட அனுமதி கொடுக்கலாமா வேண்டாமான்னு ஜனங்ககிட்ட கருத்துக் கேட்டிருக்காங்க. வர்ற 28ஆம் தேதி கூட்டம். கொடுக்கணும்னு நாங்க நாப்பத்தோரு பேர் மனு போட்டிருக்கோம், எல்லாரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க. முதல் கையெழுத்து என்னோடது. மனுவை போர்டுல ஒட்டியிருக்காங்களான்னு பார்த்தா, பக்கத்துலயே ஆட்சேபணைகளையும் வரிசையா ஒட்டியிருக்காங்க. பதினேழாவது உங்களோடது. பேரைப் படிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. கோடு போடாத பேப்பர்ல அவ்வளவு நேரா வரி எழுத வேற யாரால முடியும்?

"அந்தச் சாலைக்குக் கோடு போட்டவன் என்ற முறையிலும், அந்தச் சாலையில் மகனைப் பறிகொடுத்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். நடைபாதை நடப்பவர்களுக்கே. என் மகன் சாலையின் ஓரமாக ஒழுங்காகத்தான் சென்றுகொண்டிருந்தான். நான் கண்ணால் பார்த்தேன். தவறு லாரிக்காரனுடையது. லாரியைத் திருத்துங்கள், நடைபாதையைக் கெடுக்காதீர்கள்."

மனப்பாடமே ஆயிடுச்சு பாருங்க. அங்க இருந்த கிளார்க் "தெரிஞ்சவங்களா?"ன்னு கேட்டார். "சொந்தக்காரர்"னு சொல்லிட்டு வந்துட்டேன். மாமனார்னு சொல்ல வெக்கமா இருந்தது.

உங்க பேத்தி வாலு பத்திரமாப் போக ஒரு பாதை கேட்டா, அதுக்கும் ஆட்சேபணையா? ஊர்ல யார் வேணும்னாலும் எழுதட்டும். நீங்களா?

இப்போ நானும் வாலும் நடந்துதான் போறோம். போக அரை மணி, வர அரை மணி. பல் செட் செய்யற லேப்புக்கு தினமும் லேட்டாத்தான் போறேன். வாயில பல்லில்லாம பத்துப் பேர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கன்னு முதலாளி திட்டறார். சைக்கிள் எடுத்தா கால் மணிதான். ஆனா அந்த ரோட்டுல நான் எடுக்க மாட்டேன். செத்தாலும் எடுக்க மாட்டேன்.

அந்த ஆட்சேபணையை வாபஸ் வாங்குங்க. உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.

உங்க மருமகள்

•

மார்ச் 9

மருமகளுக்கு,

கடுதாசி வந்தது. நடுவுல நிறுத்த முடியாதுன்னு எழுதியிருந்தே. நிறுத்தலை. இடது கண்ணுல இன்னும் புகை மூடின மாதிரிதான் இருக்கு, பூதக்கண்ணாடி வெச்சு எழுத்து எழுத்தாத்தான் படிச்சேன். அதனால உன் கோபமும் பெருசு பெருசாத்தான் தெரிஞ்சுது.

வாபஸ் வாங்க மாட்டேன்.

முப்பத்தி நாலு வருஷம் ரோட்டுல குனிஞ்சு நின்னவன் நான். நூல் பிடிச்சு, பெயிண்டைக் காய்ச்சி ஊத்தி, அது காயறதுக்குள்ள வழுக்காம இருக்க மேல பவுடரைத் தூவி, ஒரு பய மிதிக்காம காவல் காத்து. கோடுங்கிறது என்ன? இது உனக்கு, அது அடுத்தவனுக்கு, அவ்வளவுதான். சைக்கிள்ங்கிறது வண்டி. வண்டிக்கு ரோடு. காலுக்குப் பிளாட்பாரம். இதுல எங்க வந்தது உன் மனு?

எங்க கேங்குல டின்னுன்னு ஒருத்தன் இருந்தானே, நினைப்பு இருக்கா? பெயிண்ட் டின்னைத் தலையில வெச்சுக்கிட்டு உன் கல்யாணத்துல ஆட்டம் போட்டானே, அவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலையில பேப்பர் வாங்கப் போனான், பிளாட்பாரத்து மேல, ஓரமா. பின்னாடி இருந்து ஒருத்தன் சைக்கிள்ல வந்து ஏத்திட்டான். மணி அடிக்கலை, குரல் கொடுக்கலை. இடுப்பு எலும்பு ரெண்டாப் போச்சு. நாப்பது நாள் படுக்கையில கிடந்தான். நான் பார்க்கப் போனப்போ சொன்னான், "மேஸ்திரி, முப்பது வருஷம் நடு ரோட்டுல நின்னேன், ஒரு லாரி என்னைத் தொட்டதில்லை. பிளாட்பாரத்துல வெச்சு ஒரு சைக்கிள் சாய்ச்சிருச்சு பாருங்க." சொல்லிட்டு அவனே சிரிச்சான். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துட்டான். அவனுக்கு யார் மனு போட்டா? நாப்பத்தோரு பேர் வேண்டாம், ஒரு ஆள் போட்டானா?

எனக்கும் இப்போ ஒரு கண்ணுதான். பின்னாடி என்ன வருதுன்னு தெரியாது. உன் பிள்ளை பத்திரமாப் போகணும், சரி. நான் எங்க போறது?

என் மகனை இதுல இழுக்காதே. அவன் பிளாட்பாரத்துல ஏறினவன் இல்லை. பதினோரு வயசுல ஒரே ஒரு தரம் ஏறினான், கண்டிச்சேன், அதோட சரி. அன்னிக்கு நான் எட்டு மணி பஸ்ல வந்து இறங்கி, அந்த ஸ்டாப்புலயே நின்னுக்கிட்டிருந்தேன். வாலைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தான். கண்ணால பார்த்தேன். அவன் ஒழுங்காத்தான் வந்தான். "மேல இருந்து திடீர்னு குதிச்சார்"னு அந்த டிரைவர் சொன்னப்போ அவன் சட்டையைப் பிடிச்சதும் நான்தான். போலீஸ்ல எழுதிக் கொடுத்ததும் நான்தான். செத்தவன் வாய் திறந்து பேச மாட்டான். அவனுக்காக நான் பேசணும் இல்லையா?

வாலைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு. கை நல்லா மடங்குதா? எலும்பு கூடின இடத்துல குளிர் நாள்ல வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒவ்வொரு தடவை வர்றேன்னு சொன்னாலும் ஏதாவது ஒரு சாக்கு சொல்றே. நான் என்னம்மா பாவம் பண்ணேன்?

மாமா

•

மார்ச் 13

மாமாவுக்கு,

என்ன பாவம் பண்ணேன்னு கேட்டுட்டீங்க. சொல்லிடறேன். எட்டு மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது உங்களுக்காகத்தான். இனிமே முடியலை.

உங்க மகன் நாலு வருஷமா அந்தப் பிளாட்பாரத்து மேலதான் சைக்கிள் ஓட்டினார்.

வாலை எல்.கே.ஜி.யில சேர்த்த நாள்ல இருந்து. தினமும். பின்னாடி குழந்தை இருக்கிறப்போ அந்த லாரிகளுக்கு நடுவுல போக எனக்குத் தைரியம் இல்லடின்னு சொல்வார். மெதுவாத்தான் போவார். மணி அடிச்சுக்கிட்டே போவார். வயசானவங்க யாராவது எதிர்ல வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டு நடப்பார். தள்ளறதைப் பார்த்து ஒரு பெரியம்மா தினமும் அவருக்கு வணக்கம் சொல்லுவாங்களாம். டின் அண்ணன் செத்தது அவருக்கு மறக்கலை. லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு, ஒரு ஜாண் இடைவெளியில ஆள் எப்படிச் சாவான்னு நீங்க சொல்லித்தான் தெரியணுமா?

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயப்படுவார். நீங்க வர்ற நாள்ல மட்டும் ரோட்டுல போவார். "மேஸ்திரி பார்த்தா தோலை உரிச்சிடுவாரு"ன்னு சொல்வார். நாப்பத்தோரு வயசு ஆளு மாமா! கட்டடம் கட்டடமா லிஃப்டுக்கு மேல ஏறி நிக்கிறவர்! பதினோரு வயசுல கண்டிச்சேன்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் கண்டிப்பை நான் அவர் வாயால நூறு தரம் கேட்டிருக்கேன். பேப்பர் கடை வாசல்ல, அவரோட வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் நிக்க, அறைஞ்சீங்க. அப்புறம் சைக்கிளைத் தலையில தூக்கச் சொல்லி வீடு வரைக்கும் நடக்கவெச்சீங்க. சொல்றப்போ எல்லாம் கன்னத்தைத் தடவிக்குவார். சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். ஆனா தடவிக்குவார்.

அன்னிக்கும் பிளாட்பாரத்து மேலதான் வந்தார். மழை தூறிக்கிட்டிருந்தது. நீங்க ஒன்பது மணி பஸ்லதான் வருவீங்கன்னு நினைச்சிருந்தார், நீங்க சீக்கிரமே வந்து ஸ்டாப்புல நின்னீங்க. உங்களைப் பார்த்ததும் அவசர அவசரமா விளிம்புல இருந்து கீழ இறக்கினார். நனைஞ்ச வெள்ளைக் கோட்டு மேல முன்சக்கரம் வழுக்கிடுச்சு. பின்னாடி லாரி. வாலு பிளாட்பாரத்துப் பக்கமா விழுந்தா, அவர் ரோட்டுப் பக்கமா விழுந்தார்.

இதை எனக்கு வாலு சொன்னா. ஆஸ்பத்திரியில, கையில கட்டோட. வேற யார் சொல்ல முடியும்?

அந்த டிரைவர் சொன்னது நிஜம். நீங்க சட்டையைப் பிடிச்சது தப்பான ஆளோட சட்டையை. அவர் லைசென்ஸை முடக்கினது உங்க வாக்குமூலம். அது பொய்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்த பாவம் என்னோடது. உங்களை நிக்கவெச்சுக் கேக்க மனசு வரலை, அதனாலதான் மூடிக்கிட்டேன். உங்க மூஞ்சியைப் பார்த்தா சொல்லிடுவேன்னுதான் உங்களை வர விடலை.

தோளுக்கு மிஞ்சினா தோழன்னு ஊரே சொல்லுது. உங்களுக்கு மட்டும் அவர் கடைசி வரைக்கும் பேப்பர் கடை வாசல்ல நின்ன பையன்தான்.

இப்போ ஆட்சேபணையை வெச்சுக்குங்க. நல்லா ஃபிரேம் போட்டு மாட்டிக்குங்க.

மருமகள்

•

மார்ச் 16

நீ எழுதினது பொய். ஏழு வயசுக் குழந்தை அடிபட்ட மயக்கத்துல ஆயிரம் சொல்லும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அப்பனுக்கு இப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இனிமே எனக்குக் கடுதாசி போடாதே.

மேல உள்ளதை எழுதி காலையில இருந்து மேஜை மேலயே கிடக்கு. கிழிக்கவும் மனசு வரலை, அனுப்பவும் மனசு வரலை. அப்படியே அனுப்பறேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், பதில் போடு. கீழ இறங்கினப்போ அவன் பயந்தானா? வாலு என்ன சொன்னா? முகம் எப்படி இருந்துச்சாம்?

•

மார்ச் 20

மாமாவுக்கு,

சிரிச்சாராம்.

"ஐயையோ, மேஸ்திரி நிக்கிறாருடி, மாட்டினா முதுகு பழுத்திடும், இறங்கிடுவோம் இறங்கிடுவோம்"னு சிரிச்சுக்கிட்டே ஹேண்டிலைத் திருப்பினாராம். பயமும் இருந்திருக்கும். உங்க விஷயத்துல அவருக்கு ரெண்டும் சேர்ந்துதான் வரும், உங்களுக்கே தெரியும்.

போன கடிதத்துல ரொம்பக் கடுமையா எழுதிட்டேன். தபால் பெட்டியில போட்டுட்டு, கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமான்னு அங்கேயே நின்னேன். ஒரு ஆள் என்னைத் திருடின்னு நினைச்சு முறைச்சுட்டுப் போனான். எழுதினது பொய் இல்லை. ஆனா கொலைகாரரைப் பார்த்துப் பேசற மாதிரி எழுதிட்டேன். நீங்க அவரைக் கொல்லலை. அது எனக்குத் தெரியும். கோபம் போக இடமில்லாம உங்க மேல வந்து உக்காந்துடுச்சு.

நேத்து நடந்த ஒண்ணு, அதுக்காகத்தான் உடனே எழுதறேன்.

உங்களுக்குச் சொல்லாம ஒளிச்ச விஷயம் இன்னொண்ணு இருக்கு. வாலு சத்தமாப் பேசறதே இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச வாலு, மூணாவது மாடியில இருந்து கூப்பிட்டா தெருமுனைக்குக் கேக்கும். இப்போ பக்கத்துல உக்காந்து பேசினாலே "என்ன, என்ன?"ன்னு கேக்க வேண்டியிருக்கு. வகுப்புல வாசிக்கச் சொன்னா காத்துதான் வருதுன்னு டீச்சர் எழுதி அனுப்பினாங்க. தொண்டை டாக்டர்கிட்ட காட்டினேன். தொண்டையில ஒண்ணுமில்லைன்னுட்டார். அதிர்ச்சி, போகப் போகச் சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன்.

நேத்து பள்ளிக்கூடத்துல இருந்து நடந்து வர்றப்போ ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவளோட பழைய டீச்சர் போனாங்க. கூப்பிடுடின்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. ஏன்டின்னு கேட்டா அழ ஆரம்பிச்சுட்டா. அப்புறம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம, கதவு ஓரத்துலயே நின்னு சொன்னா.

"நான் தாத்தான்னு கத்தினேன்ம்மா. கத்தினதாலதான் அப்பா பார்த்தாங்க. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது தாத்தா நிக்கிறது. நான் கத்தலேன்னா நாங்க மேலேயே போயிருப்போம்."

மாமா, எட்டு மாசமா அந்தக் குழந்தை இதை வயித்துக்குள்ள வெச்சிருந்திருக்கா. நான் லேப்புல யார் யாருக்கோ பல்லைப் பொருத்திக்கிட்டிருந்தேன். என் பிள்ளை வாய் ஏன் மூடிடுச்சுன்னு எனக்குத் தெரியலை.

உன் மேல தப்பே இல்லடின்னு சொன்னேன். கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். விலகி என்னைப் பார்த்தா. "நீ அங்க இல்லையேம்மா"ன்னா.

நம்ம குடும்பத்துல அங்க இருந்தது மூணு பேர். ஒருத்தர் போயிட்டார். ஒருத்தி அவ. மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

ஆட்சேபணை விஷயத்தை விட்டுடுங்க. அதை நீங்க வாபஸ் வாங்கினாலும் சரி, வாங்கலேன்னாலும் சரி. கண்ணால பார்த்தேன்னு எழுதியிருந்தீங்க. அவர் உங்களை எப்போ பார்த்தார்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ கத்தறதுக்கு முன்னாடியே பார்த்திருந்தார்னா, அதை அவகிட்ட வந்து சொல்லுங்க. நான் கையெடுத்துக் கேக்கிறேன்.

அவ கத்தினதுக்கு அப்புறம்தான் பார்த்தார்னா, அதை எனக்குக் கூடச் சொல்ல வேண்டாம்.

மருமகள்

•

மார்ச் 23

அம்மாடி,

பதில் எழுத உக்காந்து இது நாலாவது பேப்பர்.

நான் பார்க்கலை.

அவன் முன்னாடி பார்த்தானா பின்னாடி பார்த்தானான்னு கேட்டே. நான் அவனையே பார்க்கலைம்மா. மேலே வந்தானா கீழே வந்தானா எனக்குத் தெரியாது. வாலு கூப்பிட்டது கூட என் காதுல விழலை. ஸ்டாப்புல இறங்கினேன், கீழே குனிஞ்சேன். புதுசாப் போட்ட ஓரக்கோடு. ரெண்டு பக்கமும் பிசிறு, நேரா இல்லை, பவுடரே தூவலை, மழையில கண்ணாடி மாதிரி மினுமினுன்னு கிடக்கு. எந்தப் பயடா இந்த வேலையைப் பார்த்தான்னு குடையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, காலால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். அப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது.

பார்த்தேன்னு ஏன் சொன்னேன்? டிரைவர் சொன்னதை என்னால நம்ப முடியலை. என் மகன் அப்படிச் செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். தெரியும்ங்கிறதுக்கும் பார்த்தேன்ங்கிறதுக்கும் அந்த நேரத்துல வித்தியாசம் புரியலை. போலீஸ்ல ஒரு தரம் சொன்னேன். அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே படமா ஓட ஆரம்பிச்சுடுச்சு. ரோட்டு ஓரமா, நேரா, கோட்டை ஒட்டி வர்றான், என்னைப் பார்த்துக் கையை ஆட்டறான். எட்டு மாசமா அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கிட்டுப் படுக்கிறேன். உன் கடுதாசி வந்து அதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. உன்னைக் குத்தம் சொல்லலை. அது என்னோடது இல்லையே.

நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு ஊரு என்னைச் சொல்லும். எனக்கும் அது பெருமையாத்தான் இருந்தது.

அவன் பயந்தது எந்தக் கண்ணுக்கும்மா? அந்தக் கண்ணு தரையைப் பார்த்துக்கிட்டிருந்தது. அவன் மேலேயே வந்து என் பக்கத்துல மணி அடிச்சிருந்தாத்தான் நான் நிமிர்ந்தே பார்த்திருப்பேன்.

நேத்து பஸ் பிடிச்சு உங்க ஊருக்கு வந்தேன். உன் வீட்டுப் பக்கம் வரலை, கோவிச்சுக்காதே. போலீஸ் ஸ்டேஷன் போய் நான் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்தேன். பெரியவரே, இதை அப்பவே சொல்றதுக்கென்னன்னு அந்த அதிகாரி கேட்டான். வயசைப் பார்த்து விட்டுட்டான் போல, இன்னும் கேட்டிருக்கலாம். டிரைவர் வீட்டையும் விசாரிச்சுக்கிட்டுப் போனேன். வாசல்ல உக்காந்து யாரோட ஸ்கூட்டருக்கோ பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, "அன்னிக்கே சொன்னேனே பெரியவரே"ன்னான். டியூபைத் தண்ணியில முக்கிப் பார்க்க ஆரம்பிச்சுட்டான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வார்டு ஆபீசுலயும் வேற எழுதிக் கொடுத்தேன். கண்ணால பார்த்தேன்ங்கிறதை அடிச்சுட்டேன். ஆட்சேபணையை வாபஸ் வாங்கலை. டின் செத்ததும் நிஜம்தானே? ஆனா கீழ ரெண்டு வரி சேர்த்தேன். சைக்கிளை மேல விடறதா இருந்தா, ஏற இறங்கச் சரிவு வைங்க, யாரும் விளிம்புல இருந்து குதிச்சு இறங்க வேண்டி வரக்கூடாது. ஓரக்கோட்டுல பவுடர் தூவாம எவனாவது போட்டா அவன் கூலியைப் பிடிங்க.

ஞாயித்துக்கிழமை வர்றேன். வாலுகிட்ட சொல்றேன். நீ கத்தறதுக்கு முன்னாடியே அப்பா என்னைப் பார்த்துட்டான், நானும் அவனைப் பார்த்துட்டேன்னு சொல்றேன். பொய்தான். பார்க்காததைப் பார்த்தேன்னு எனக்காக ஒரு பொய் சொன்னேன். அவளுக்காக இன்னொண்ணு சொல்றதுக்கு என்ன? எங்கே போய்ச் சேரணுமோ அங்கே போய்ச் சேரட்டும் அந்தப் பழி. வாலு மேல வேண்டாம்.

கதவைத் திறப்பே, இல்லையா?

மாமா

•

மார்ச் 29

மாமாவுக்கு,

பத்திரமாப் போய்ச் சேர்ந்தீங்களா? குடையை மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்க.

நேத்து கூட்டம் நடந்தது. ரெண்டு மணி நேரம் ஒரே கூச்சல். நடக்கிறவங்க ஒரு பக்கம், சைக்கிள்காரங்க ஒரு பக்கம். பெஞ்சைத் தட்டறாங்க, எழுந்து நிக்கிறாங்க. தடி ஊனிக்கிட்டு வந்த ஒரு அம்மா, "எங்களைத் தள்ளிவிட்டுட்டு நீங்க பத்திரமாப் போகணுமா?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடின்னா நான் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போ அவங்களுக்கு என் நாற்காலியைக் கொடுத்தேன்.

உங்க புது கடிதத்தை கிளார்க் சத்தமா வாசிச்சார். "நான் பார்க்கவில்லை"ங்கிறதையும் விடாம வாசிச்சார். கடைசியில பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களும், அவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களும் மட்டும் பிளாட்பாரத்துல ஓட்டலாம், நடக்கிற வேகத்துல, ஆறு மாசத்துக்குன்னு முடிவு பண்ணினாங்க. சரிவு வைக்கிறதையும் எழுதிக்கிட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சைக்கிள் இருந்த இடத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்துட்டேன். இந்த ஒரு பேப்பர் போன வருஷம் வந்திருந்தா அவர் உங்களுக்கு முன்னாடி தைரியமா மேலேயே வந்திருப்பாரா? "சட்டமே சொல்லிடுச்சு மேஸ்திரி!"ன்னு சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார்தானே?

ஞாயித்துக்கிழமை நீங்க அவளைப் பக்கத்துல உக்காரவெச்சுச் சொன்னதை நான் சமையலறையில இருந்து கேட்டேன். குரல் ஆடாம சொன்னீங்க. நன்றின்னு எழுதினா சின்னதா இருக்கு.

அப்புறம் அவ "அம்மா!"ன்னு போட்டாளே ஒரு சத்தம், கரண்டியைப் போட்டுட்டு ஓடி வந்தேன். யாருக்கு என்ன ஆச்சோன்னு. பார்த்தா, தாத்தாவுக்குத் தண்ணி வேணுமாம். உங்க முகம் ஏன் அப்படி இருந்தது? கேக்கணும்னு நினைச்சேன், நீங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டீங்க. அவ ஏதாவது சொன்னாளா?

மருமகள்

•

ஏப்ரல் 2

அம்மாடி,

குடை உன்கிட்டயே இருக்கட்டும், அடுத்த தரம் வர்றப்போ எடுத்துக்கிறேன். வரலாம்தானே?

மேலேயே வந்திருப்பானான்னு கேட்டிருக்கே. தெரியாதும்மா. தெரியாததைத் தெரியும்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்.

அவ என்ன சொன்னான்னு கேட்டே. எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா நமக்குள்ள ஒளிச்சுவெச்சதெல்லாம் போதும்.

நான் சொல்லி முடிச்சதும் அவ என் கையையே பார்த்துக்கிட்டிருந்தா. நிஜமா தாத்தா, நான் கத்தறதுக்கு முன்னாடியேவான்னு ரெண்டு தரம் கேட்டா. நிஜமாத்தான்டா, உன் மேல ஒண்ணுமே இல்லைன்னேன். நம்பிட்டா. அவ தோள் கீழே இறங்கினது எனக்கு இந்த ஒத்தைக் கண்ணுலயே தெரிஞ்சுது. எதுக்கு வந்தேனோ அது முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டா.

"முன்னாடியே பார்த்துட்டீங்கன்னா, பரவாயில்ல மேலேயே வாடான்னு அப்பாகிட்ட ஏன் தாத்தா சொல்லலை?"

கோபமாக் கேக்கலைம்மா. குத்தம் சொல்லலை. தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. எனக்கு இருமல் வந்துடுச்சு, அதைப் பார்த்துப் பயந்துதான் உன்னைக் கூப்பிட்டா. நீ ஓடி வந்து, அப்புறம் சொம்புல தண்ணி கொண்டு வந்தே. அவ்வளவு சத்தமாக் கூப்பிட்டாளேன்னு உன் முகம் பூராவும் சந்தோஷம். உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?

நீ தண்ணி கொடுத்துட்டு உள்ளே போனப்புறம் அவ மறுபடியும் கேட்டா. விடற பிள்ளையா அவ? அவ அப்பன் மாதிரி இல்லை, பயப்படாம கேக்கறா.

"சொல்லத் தெரியலடா கண்ணு"ன்னேன். அன்னிக்கு நான் அவகிட்ட சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம். அவன் பிறந்ததுல இருந்தே எனக்கு அந்தப் "பரவாயில்ல" சொல்லத் தெரியலை.

மாமா